மூன்றாம் ஓலை

8 ஆகஸ்ட் 2023, செவ்வாய்

இந்த நோட்டில் நான் எழுதி நிறுவப்போவது:

1. எப்சிபாவின் கல்யாண ஓலையை நிறுத்த எங்கள் சபையின் சேகரக் கமிட்டிக்கு அதிகாரம் கிடையாது.
2. 2003-ஆம் ஆண்டுத் தீர்மானம் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது. (எழுதியவன் நான்.)
3. அந்தப் பெண்ணின் நோய் விவரம் வெளியே போனது என் மூலமாக அல்ல.
4. ஐயர் கெட்டவர் அல்ல; பயந்தவர்.
5. நான் கோபத்தில் எழுதவில்லை.

பாடம் தொடங்குமுன் கரும்பலகையின் இடது ஓரத்தில் இப்படி எண் போட்டு எழுதுவது என் வழக்கம். முப்பத்துநான்கு வருடம் வரலாறு நடத்தினேன், அதில் கடைசி ஆறு வருடம் தலைமையாசிரியர். எண் போடாவிட்டால் எனக்கு யோசனை ஓடாது. இதை வைத்துப் பேராயருக்கு ஒரு மனு எழுத வேண்டும். நேராக மனுவையே எழுதத் தைரியம் வரவில்லை. அதனால் முதலில் நோட்டு.

கிருபாவிளை சபையில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை உண்டென்று அறிந்தவர் தெரிவிக்கலாம் என்று சபையின் முன் கேட்பது. இதுவரை யாரும் எதையும் தெரிவித்ததில்லை. மூன்றும் முடிந்தால் ஐயர் ஓலைச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். (குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம்.) பெண்ணின் சபையிலிருந்து அந்தச் சீட்டுப் போகாமல் மாப்பிள்ளையின் சபையில் கல்யாணம் நடக்காது. கமிட்டிச் செயலராக இருபத்திரண்டு வருடமாக ஓலை வாசிப்பவன் நான்.

போன ஞாயிறு, ஆறாம் தேதி, எப்சிபாவுக்கும் நல்லூர்விளை கமாலியேலுக்கும் முதல் ஓலை வாசித்தேன். நேற்றுச் சாயங்காலம் ஐயர் போன் செய்தார். சுகிர்தராஜ் ஐயர் இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது.

"சார், அந்தப் பிள்ளைக்கு எச்.ஐ.வி.யாமே? ஊரெல்லாம் அதே பேச்சா இருக்கு. பொன்னுத்துரை அண்ணாச்சி காலையிலயே வந்து உக்காந்துட்டாங்க. மத்த ஓலைய நிறுத்தி வைப்போமா?"

ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க நினைத்தேன். "பாப்போம் ஐயரே" என்றேன்.

கல்யாணம் முப்பத்தொன்றாம் தேதி.

பிரஷர் மாத்திரை போட்டேனா என்று டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. போட்டிருக்கிறேன்.

9 ஆகஸ்ட், புதன்

வரிசை மாறாமல் எழுதவேண்டும். சனிக்கிழமை ஐந்தாம் தேதியிலிருந்து தொடங்குகிறேன்.

காலை பதினொரு மணிக்கு இருவரும் வெஸ்ட்ரிக்கு, கோயிலை ஒட்டிய அலுவலக அறைக்கு, வந்தார்கள். எப்சிபாவுக்கு இருபத்தைந்து வயது. பஸ் நிலையத்துப் பக்கம் இ-சேவை மையத்தில் வேலை. எங்கள் ஞாயிறு பள்ளியில் சிறுபிள்ளைகள் வகுப்பை எடுப்பவளும் அவள்தான். அவன் ஆட்டோ எலக்ட்ரீஷியன். கையை எவ்வளவு கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு போகாத பையன்.

எங்கள் சபையில் ஓலை எழுதுமுன் இரண்டு பேரும் இரத்தப் பரிசோதனைச் சான்றிதழ் தர வேண்டும். என் 2003 தீர்மானம் அது. அவள் உறையை நீட்டினாள்.

"சார், படிச்சுட்டு எதுனாலும் எங்கிட்டயே கேளுங்க. பெரியம்மாகிட்ட கேக்காதிய, அழுதுருவாங்க."

படித்தேன். அவளுக்குப் பிறப்பிலிருந்தே இருக்கிறது. அவனுக்கு இல்லை. டாக்டர் தனியாக ஒரு கடிதம் வைத்திருந்தார். ஆறு வயதிலிருந்து மாத்திரை தவறவில்லை, கிருமியின் அளவு பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைந்திருக்கிறது, இந்த நிலையில் துணைக்குப் பரவாது, இருவருக்கும் எல்லாம் விளக்கப்பட்டிருக்கிறது. கடிதத்தின் அடியில் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது: சம்பந்தப்பட்டவரின் சம்மதமின்றி இவ்விவரத்தைப் பிறருக்குத் தெரிவிப்பது சட்டப்படி குற்றம்.

அவனைப் பார்த்து, "தம்பி, உனக்கு..." என்று தொடங்கினேன்.

"தெரியும் சார். ரெண்டு வருசமாத் தெரியும். மாத்திரைய இவ மறந்துட்டான்னா போன் அடிச்சுச் சொல்லுறதே நான்தான்."

"மறந்ததே கெடையாது" என்றாள் அவள். "இவுங்க ஒம்போது மணிக்கு அடிப்பாங்க. நான் எட்டரைக்கே போட்டிருப்பேன். சும்மா பேசுறதுக்கு ஒரு சாக்கு சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது சரியா என்று அப்புறம் யோசித்தேன்.

தீர்மானத்தில் சான்றிதழ் "சமர்ப்பிக்க வேண்டும்" என்றுதான் இருக்கிறது. முடிவு இன்னதாக இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. நோக்கம், ஒருவர் நிலை இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும். அந்த வகையில் கிருபாவிளையில் இந்தத் தீர்மானத்தை முழுதாக நிறைவேற்றிய ஜோடி இவர்கள்தான். ஐயரிடம் உறையைக் கொண்டுபோனேன். "நீங்க பாத்தாச் சரி சார்" என்று திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். உறையை அவளிடமே கொடுத்துவிட்டேன். நகல்கூட எடுத்து வைக்கவில்லை. இது முக்கியம்.

ஓலை ரிஜிஸ்டரில் ஏழு கலங்கள். ரூல்தடி வைத்து நானே கோடு போட்டது. எண், தேதி, மணமகன், மணமகள், பெற்றோர், சபை. ஏழாவது, குறிப்பு. எந்தக் கலத்தையும் நான் வெறுமையாக விட்டதில்லை. எழுத ஒன்றுமில்லை என்றால் சிறு கோடு போடுவேன். இவர்களுக்கு, தீர்மானப்படி தேவையானதை மட்டும் எழுதினேன்.

ரிஜிஸ்டர் வெஸ்ட்ரி மேசையில்தான் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பொன்னுத்துரை வந்து புரட்டிப் பார்ப்பார். கமிட்டி உறுப்பினர். கல்யாண மஹால் வைத்திருக்கிறார். யார் வீட்டில் கல்யாணம் என்று ஓலை ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் அவர் போய் மஹாலுக்குத் தேதி பேசுவார். பல வருட வழக்கம். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

10 ஆகஸ்ட், வியாழன்

தண்ணீர் வந்தது. பதினாறு குடம். மனு தொடங்கவில்லை.

11 ஆகஸ்ட், வெள்ளி

கமிட்டி கூடியது. ஒன்பது பேர், ஐயர், நான். மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியது அரைப் பக்கம். எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

பொன்னுத்துரை வாயில் வெற்றிலையோடு தொடங்கினார். "நமக்கு அந்தப் பிள்ள மேல ஒரு விரோதமும் இல்ல. பாவம். ஆனா நல்லூர்விளைக்காரன் நாளைக்கு நம்மளக் கேப்பான்லா? தெரிஞ்சே தள்ளிவிட்டியளான்னு."

"அந்தப் பையனுக்குத் தெரியுமாம் அண்ணாச்சி" என்றார் ஐயர், மேசையைப் பார்த்துக்கொண்டு.

"அவனுக்கு என்னவே தெரியும்? வயசு அப்படி. பொண்ணு செவப்பா இருந்தாப் போதும்னு நிப்பான்."

சிரித்தார்கள். சபையின் மூப்பர்கள் சிரித்தார்கள். ஒருவர் ஞாயிறு பள்ளிப் பாயைச் சலவைக்குப் போட வேண்டும் என்றார். இன்னொருவர் சலவைக்காரனுக்கு ஒட்டிவிட்டால் என்ன செய்வது என்றார். அவர் கல்லூரியில் விலங்கியல் படித்தவர். என் மாணவர்.

தீர்மானப் புத்தகம் என் மடியில் இருந்தது. 2003, மார்ச், பக்கம் 61. அடையாளத்துக்குத் தாள் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். திறந்து வாசித்திருந்தால் போதும். மூன்று முறை தொண்டையைச் செருமினேன். மூன்றாம் முறை ஐயர் என் பக்கம் தண்ணீர்ப் பாட்டிலைத் தள்ளினார்.

முடிவு: இரண்டாவது ஓலையை வாசிப்பது. அதற்குப் பிறகு ஐயரும் செயலரும் வீட்டுக்குப் போய் ஜெபித்து, அந்தப் பெண் தானாகவே ஓலையை வாபஸ் வாங்கும்படி "போதக அன்போடு" பேசுவது. மூன்றாவது ஓலை கிடையாது. "போதக அன்போடு" என்ற இரண்டு சொற்களையும் எழுதும்போது பென்சில் முறிந்தது. இப்போது வரும் பென்சில்கள் தரமில்லை.

வீட்டுக்கு வந்ததும் லீதியாள் கேட்டாள், "பேசினியளா?"

"சந்தர்ப்பம் வரலை."

"ஒங்களுக்கு சந்தர்ப்பம் வரும்போது எனக்கு அடக்க ஆராதன நடக்கும்."

ஐம்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள். சொல்ல உரிமை உண்டு.

13 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டாவது ஓலை வாசித்தேன். தடை உண்டா என்று கேட்டபின் மனதுக்குள் மூன்று எண்ணுவது என் வழக்கம். இன்று இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

சிறுபிள்ளைகள் வகுப்பில் பத்தொன்பது பெயர். இன்று வந்தது இரண்டு. அதுவும் தகப்பன் துபாயில், தாய் ஆஸ்பத்திரி டூட்டியில் என்று விஷயம் எட்டாத வீட்டுப் பிள்ளைகள். ஆராதனை முடிந்து ரிஜிஸ்டரை எடுக்கப் பின்பக்கம் போனபோது பார்த்தேன். பாயில் அந்த இரண்டு பிள்ளைகள். பக்கத்தில் எழுபத்தொரு வயது லீதியாள், முழங்கால் வலியோடு சப்பணம் போட்டு, கையில் கலர் பென்சில். எப்சிபா நோவாவின் பேழைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, நீங்க பேழைக்கு ஊதாக் கலர் அடிக்கிய. மரம்லா அது?" என்றாள் எப்சிபா.

"எங்க வீட்டுப் பேழை ஊதாதாம்ட்டி" என்றாள் இவள்.

நான் உள்ளே போகவில்லை. அவர்கள் சிரிப்பைக் கலைப்பானேன்.

14 ஆகஸ்ட், திங்கள்

"பேராயர் அவர்கள் சமூகத்துக்கு" என்று எழுதினேன். அதன் கீழே ஒன்றும் வரவில்லை. செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டேன்.

16 ஆகஸ்ட், புதன்

ஐயரும் நானும் எப்சிபா வீட்டுக்குப் போனோம். அவளும் அவளை வளர்த்த பெரியம்மாவும் இருந்தார்கள். காப்பி வந்தது. ஐயர், "இப்பத்தான் குடிச்சோம்" என்றார். நாங்கள் குடித்திருக்கவில்லை. நான் டம்ளரை எடுத்துக் குடித்தேன். ஒரு மனிதன் ஒரு வீட்டில் காப்பி குடித்ததை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. ஐயர் பார்க்கிறார் என்று தெரிந்தேதான் குடித்தேன் என்பதையும் எழுதவேண்டும்.

ஐயர் கண்ணை மூடி ஜெபித்தார். பதினான்கு நிமிடம். பாடுபட்ட யோபு வந்தார், பவுலின் உடம்பில் தைத்த முள் வந்தது, தேவ சித்தம் வந்தது. அவள் கண் மூடவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால் நானும் மூடவில்லை.

"முடிச்சிட்டியளா ஐயரே? நான் பேசலாமா?"

"சொல்லும்மா."

"நீங்க வந்து ரெண்டு வருசத்துல எங்க வீட்டுக்கு வாரது இதுதான் முதல் தடவ. போன வருசம் காய்ச்சல்ல பதினேழு நாள் கெடந்தேன். சொல்லியும் விட்டோம்."

"அந்த நேரம் கன்வென்ஷன் கூட்ட வேலை..."

"இன்னைக்கு வேலை இல்ல போல. சரி. ஓலைய நான் வாபஸ் வாங்க மாட்டேன். தடை உண்டுன்னா யாரு சொல்லுதாங்களோ அவங்க எந்திரிச்சுச் சொல்லட்டும். என் மொகத்தப் பாத்துச் சொல்லட்டும்."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், உறைய ஒங்ககிட்ட மட்டும்தான் குடுத்தேன். வேற எங்கயும் குடுக்கல. யாரு சொன்னா?"

"தெரியலைம்மா. நான் ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்கலை."

அது உண்மை. நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

"நீங்க தெறக்க மாட்டிய சார். அது எனக்குத் தெரியும். எங்கம்மாவ கோயில் கேட்டுக்கு வெளிய வச்சு அடக்க ஆராதன முடிச்சாங்களே, அன்னைக்கும் நீங்க வாய் தெறக்கலன்னு பெரியம்மா சொல்லியிருக்காங்க."

பெரியம்மா, "ஏட்டி, சார்ட்ட அப்படிப் பேசாத" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது ஐயர் சொன்னார், "வாய் கொஞ்சம் அதிகம்தான் சார், அந்தப் பிள்ளைக்கு."

குடையை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

17 ஆகஸ்ட், வியாழன்

எழுதாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். இரண்டாம் குறிப்பை நிறுவ இது வேண்டும்.

எப்சிபாவின் தாய் தயாவதி. பத்தாம் வகுப்பில் என் மாணவி. வரைபடம் போட்டால் அச்சடித்தது போல் இருக்கும். 1996-இல் எங்கள் சபையிலேயே கல்யாணம். மாப்பிள்ளை மும்பையில் வேலை. நோய் இருப்பது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. 2000-இல் அவன் இறந்தான். 2002 டிசம்பரில் அவள்.

சவப்பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுவர விடவில்லை. கேட்டைப் பூட்டிச் சாவியைக் கமிட்டியில் யாரோ வைத்துக்கொண்டார்கள். அப்போதிருந்த ஐயர் தெருவில் நின்று ஜெபத்தை வாசித்தார். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியிருந்த கேட். நான் செயலர். என்னிடம் ஒரு சாவி உண்டு. சட்டைப் பையில் இருந்தது. அதைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றேன். நாலு வயதுப் பிள்ளை பெரியம்மா இடுப்பில் இருந்துகொண்டு அந்த நட்சத்திரத்தைக் கை நீட்டிக் கேட்டது.

பெரியம்மா பிள்ளையைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். "பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு வருடத்துக்கு முன் திரும்பி வந்தபோதும் ஊர் அதையே நம்பியது.

மூன்று மாதம் கழித்து நான் தீர்மானம் எழுதினேன். தயாவதிக்கு வந்தது இனி இந்தச் சபையில் எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது, தெரியாமல் யாரும் தாலிக்குக் கழுத்தை நீட்டக்கூடாது என்று. ஒருமனதாக நிறைவேறியது. கேட்டைப் பூட்டியவர்களே கை தூக்கினார்கள். தீர்மானத்தின் கடைசி வரி: "சான்றிதழ் விவரம் ஓலை ரிஜிஸ்டரின் குறிப்புக் கலத்தில் பதியப்பட வேண்டும்." பதியாத எதையும் நான் நம்பாதவன்.

சாவியைப் பயன்படுத்தாதவன் பேனாவைப் பயன்படுத்தினான். இதை மனுவில் சேர்க்க முடியாது.

19 ஆகஸ்ட், சனி

நாளைய அறிவிப்புகள் எழுதினேன். ஐயர் போன்: "சார், அந்த ஒண்ண விட்டிருங்க. ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா விட்டிருங்க."

லீதியாள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ன சொல்லுதாரு?"

"நாளைக்கு அந்த ஓலை வேண்டாமாம்."

"நீங்க என்ன சொன்னிய?"

"சரின்னேன்."

அவள் தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள். "நம்ம கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும்போது எங்கப்பா பக்குபக்குன்னு இருந்தாரு, யாராவது எந்திரிச்சு இவனுக்குத் தைரியம் இல்லன்னு சொல்லிருவாங்களோன்னு. ஒருத்தரும் சொல்லல. சொல்லியிருக்கணும்."

வெஸ்ட்ரிக்குப் போய் ரிஜிஸ்டரை எடுத்தேன். இந்த வருடத்துப் பக்கம். ஏழாவது கலத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கறை. விரலால் தொட்டால் பொடியாக வந்தது, சுண்ணாம்பு போல. சுவரிலிருந்து உதிர்ந்ததாக இருக்கலாம். மழைக்காலத்துக்கு முன் வெஸ்ட்ரிக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று கமிட்டியில் சொல்லவேண்டும்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன். எது எப்படியானாலும் வரிசை தப்பக்கூடாது.

அறிவிப்புகள் வாசித்தேன். பெண்கள் ஐக்கியக் கூட்டம். பாடகர் பயிற்சி. ராஜாமணியின் மகனுக்கு இரண்டாம் ஓலை. தாளில் அடுத்து எழுதாமல் விட்ட இடம். தாளை மடித்தேன்.

"சார்."

பெண்கள் பக்கம், மூன்றாம் பெஞ்சு. எப்சிபா எழுந்து நின்றாள். பக்கத்தில் பெரியம்மா, அந்தப் பக்கம் லீதியாள்.

"எங்க மூணாவது ஓலை பாக்கி இருக்கு சார்."

ஆராதனையில் பெண்கள் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. ஐயர் பீடத்திலிருந்து எனக்குத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் மடித்த தாளைப் பிரித்தேன். அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டே, மனப்பாடமாகச் சொன்னேன். நல்லூர்விளை சபை தானியேல் மகன் கமாலியேலுக்கும், இச்சபை காலஞ்சென்ற தயாவதி மகள் எப்சிபாவுக்கும். இது மூன்றாம் முறை. தடை உண்டென்று அறிந்தவர் தெரிவிக்கலாம்.

ஒன்று. இரண்டு. மூன்று.

பொன்னுத்துரை எழுந்தார். "தடை இருக்கு சார்வாள்."

ஐயர் அவசரமாக, "அண்ணாச்சி, உள்ள போயிப் பேசிக்கிடலாம்" என்றார்.

"சபைக்கு முன்னாடி கேட்டா சபைக்கு முன்னாடிதான ஐயரே சொல்லணும். காரணம் எல்லாருக்கும் தெரியும். நான் வேற வாயால சொல்லணுமா?"

"சொல்லணும்" என்றேன். பதினெட்டு வருடமாக வராத குரல் வந்தது. வகுப்புக் குரல். "எழுத்துல தரணும், கையெழுத்தோட. என்ன தடைன்னு எழுதணும். அது உங்களுக்கு எப்படித் தெரியும்னும் எழுதணும். 'ஊர் சொல்லுது'ன்னு எழுதக்கூடாது. யார் சொன்னாங்க? பேர் வேணும்."

எனக்கு அப்போது உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. கடைசியில் நான் வாய் திறந்துவிட்டேன் என்ற சந்தோஷம். லீதியாள் இருக்கும் பக்கம்கூடப் பார்த்தேன்.

பொன்னுத்துரை சிரித்தார். குரூரமான சிரிப்புக்கூட இல்லை. ஆச்சரியம்தான்.

"பேரா? என்ன சார்வாள் வெளையாடுதியளா? ஒங்க ரிஜிஸ்டர்லதான பாத்தேன்! மஹாலுக்குத் தேதி பாக்கப் புரட்டுனேன், கண்ணுல பட்டுது. ஏழாவது கலத்துல, இங்கிலீசுல, ஒங்க முத்து முத்தான கையெழுத்துல. எழுதி மேசையில தொறந்து வச்சது நீங்க. இப்ப எங்கிட்டப் பேரு கேக்கியளா?"

எப்சிபா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு நடுப்பாதை வழியாக நடந்து போனாள். பெரியம்மாவும் லீதியாளும் பின்னால் போனார்கள். ஐயர் பாட்டு எண்ணைச் சொன்னார். எந்த எண் என்று நினைவில்லை.

21 ஆகஸ்ட், திங்கள்

லீதியாள் பேசவில்லை. தண்ணீரும் வரவில்லை.

22 ஆகஸ்ட், செவ்வாய்

பொன்னுத்துரை எழுத்தில் எதுவும் தரவில்லை. தர மாட்டார் என்று தெரியும். மூன்று ஓலையும் வாசித்தாயிற்று. எழுதிய தடை இல்லை. ஓலைச் சீட்டைப் பூர்த்தி செய்து, ரிஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டு வெஸ்ட்ரிக்குப் போனேன்.

ஐயர், "திருமண்டலத்துல, பேராயர் ஆபீஸ்ல கேட்டுட்டு..." என்றார்.

"தேதி முப்பத்தொண்ணு ஐயரே."

"சார், என் நெலமையப் புரிஞ்சுக்கோங்க. மகன் பன்னெண்டாவது படிக்கான். இந்த நேரத்துல அண்ணாச்சியப் பகைச்சா நடுவருசத்துல தூக்கி எங்கயாவது போட்ருவாங்க."

அவர் கெட்டவர் அல்ல. (நான்காம் குறிப்பு.) கெட்டவனாக இருந்தால் எதிர்த்து நின்றாவது பார்க்கலாம். பயந்தவனை என்ன செய்வது? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரவெல்லாம் யோசித்து ஒரு தாள் எழுதி வைத்திருந்தேன். அவர் முன் வைத்தேன்.

"என்ன சார் இது?"

"பட்டியல். யார் யாருக்குச் சொன்னாங்கன்னு வரிசையா, தேதியோட. அந்தப் பிள்ளை சம்மதம் இல்லாம இதை வெளிய விட்டது சட்டப்படி குற்றம். டாக்டர் கடிதத்துலயே அச்சடிச்சிருந்தது. அதைப் படிச்சுட்டுத்தான் நான் ரிஜிஸ்டர்ல எழுதினேன். முதல் பேர் என்னோடது. ரெண்டாவது பொன்னுத்துரை. மூணாவது அவர் வீட்டுக்காரம்மா. ஆறாவது நீங்க. நீங்க கமிட்டியில ஒம்போது பேருக்கு முன்னாடி பேசினீங்க. மினிட்ஸ் புத்தகத்துல தேதி இருக்கு. நான்தான் எழுதினேன்."

"இத எங்க குடுக்கப் போறீங்க?"

"போலீஸ்ல. என்னைப் பத்திச் சொல்லப் போறேன். சொன்னா மத்ததும் கேப்பாங்க. நான் வரிசையாத்தான் சொல்லுவேன். எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியாது."

அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். "இது மிரட்டல் சார்."

"ஆமா ஐயரே."

கையெழுத்துப் போட்டார். ரிஜிஸ்டரை மேசையில் வைத்தபோது மேசைக் கண்ணாடி குறுக்காக விரிசல் விட்டது. ரிஜிஸ்டர் கனமானது.

23 ஆகஸ்ட், புதன்

இ-சேவை மையத்துக்குப் போனேன். எப்சிபா வழக்கமான முன்கவுண்டரில் இல்லை. உள்ளே, ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் கண்ணில் படாத இடம். கேட்காமலே புரிந்தது.

சீட்டைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் வைத்தாள்.

"எம்மா, நான்..."

"என்ன எழுதுனிய சார்? அந்த ஏழாவது கலத்துல. சரியாச் சொல்லுங்க."

சொன்னேன். நான்கு ஆங்கிலச் சொற்கள். பெண் பாசிட்டிவ், இருவரும் அறிவர் என்ற பொருளில்.

"எதுக்கு எழுதுனிய?"

"தீர்மானத்துல அப்படி இருக்கும்மா. பதியணும்னு."

"தீர்மானம் யாரு எழுதுனது?"

எழுதியவன் நான் என்று அவளுக்குத் தெரியும்.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிருங்க சார்."

"ரிஜிஸ்டர்ல பக்கம் கிழிக்கிற முறை இல்லைம்மா. திருமண்டல ஆய்வுக்கு..."

"முறை!" என்றாள். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "எங்கம்மாவ வெளிய வச்சதுக்கும் ஒங்களுக்கு ஒரு முறை இருந்திருக்கும் சார். எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. நாங்க சாகுறதுக்கு, கல்யாணம் பண்ணுறதுக்கு, எல்லாத்துக்கும். அவரு பொன்னுத்துரை வெத்தல போட்டுக்கிட்டுப் பேசுறவரு. அவரு மேல எனக்குக் கோவம்கூட வரல. ஒங்க மேலதான் வருது. நீங்க படிச்சவங்க."

நின்றுகொண்டிருந்தேன். என் வகுப்பில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள்.

"மன்னிக்கணும்னு ஞாயிறு பள்ளில நான்தான் சொல்லிக்குடுக்கேன்" என்றாள். "கொஞ்ச நாள் ஆகட்டும் சார். கல்யாணத்துக்கு ஆச்சி வரட்டும். நீங்க வராதிய."

குடையை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு அவர்கள் வீட்டில்தான் விட்டிருக்கிறேன். கடைக்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

31 ஆகஸ்ட், வியாழன்

லீதியாள் ஏழு மணிக்கே பட்டுப்புடவை கட்டி ஷேர் ஆட்டோவில் போய்விட்டாள். உப்புமா கிண்டினேன். உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன். சாப்பிட்டேன்.

காலையில் செய்தவை: செயலர் பதவியை விடுகிறேன் என்று கடிதம். 2003 தீர்மானத்தை ரத்துசெய்யக் கேட்டு, அதை எழுதியவன் என்ற முறையில், பேராயருக்கு மனு. இம்முறை எண் போடாமலே ஒன்றரைப் பக்கம் வந்தது. அப்புறம் புது பிளேடு எடுத்து, ஓலை ரிஜிஸ்டரில் அந்தத் தாளை அடியோடு அறுத்தேன். அதிலிருந்த மற்ற நான்கு ஜோடிகளையும், எப்சிபாவையும், அடுத்த பக்கத்தில் நகலெடுத்தேன். ஐந்து ஜோடிக்கும் ஏழாவது கலத்தில் ஒரே அளவு கோடு. பக்க எண் 38-க்குப் பிறகு 41 வருகிறது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்கட்டும். அறுத்த தாளை வெந்நீர் அடுப்பில் போட்டேன். நல்ல தாள். எரிய நேரம் எடுத்தது.

பத்தரைக்கு முகூர்த்தம். பத்தரைக்கு நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு லீதியாள் வந்தாள். பதினோரு நாளுக்குப் பிறகு முழுதாகப் பேசினாள். கோயில் பாதிகூட நிறையவில்லையாம். கமாலியேலின் மெக்கானிக் கூட்டாளிகள் இருபது பேர் ஒரே நிறச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்களாம். நம் சபையிலிருந்து போனது இவளோடு சேர்த்து ஆறு பேர். துபாய்க்காரர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் பூப் போட்டார்களாம். "அவங்கம்மா டூட்டிய மாத்திக் கேட்டு வாங்கிட்டு வந்தா" என்றாள்.

"என்னைக் கேட்டாளா?"

"கேக்கல."

லட்டுப் பையை என் பக்கம் நகர்த்திவிட்டு உடை மாற்றப் போனாள்.

இந்த நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தேன். தப்பான விடையை ரப்பரால் அழிக்கக்கூடாது, ஒற்றைக் கோடு போட்டுவிட்டுக் கீழே சரியானதை எழுத வேண்டும், அப்போதுதான் என்ன தப்பு செய்தோம் என்பது தெரியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். கோடு போட்டேன். மூன்றாம் குறிப்பு தவறு. சரியானது:

3. அந்தப் பெண்ணின் நோய் விவரம் வெளியே போனது என் மூலமாக.